கனகத்தின் மஸ்கட் டப்பா

அறுவைக்குப் பிந்தைய வலியைப் பார்த்துக்கொள்ளும் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். மருந்தின் அளவுகளைச் சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்கப் போவதில்லை. அவை என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். தெரியாவிட்டால் சட்டைப்பையில் இருக்கும் செல்போன் சொல்லிவிடும். நான் ஓய்வு பெற்ற மயக்க மருந்து டாக்டர். நாகர்கோவிலில் ஒரு நடுத்தரமான தனியார் ஆஸ்பத்திரியில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்தவள். நோயாளிகள் வீட்டுக்குப் போகும்போது அறுவை செய்த டாக்டருக்குப் பழக்கூடை கொண்டு வருவார்கள். எனக்கு ஒரு கும்பிடு கிடைக்கும், அதுவும் அடையாளம் தெரிந்தால். இதில் வருத்தம் ஒன்றுமில்லை. ஆளைத் தூங்க வைத்துவிட்டு அவர் நினைவில் நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டால் எப்படி?

நான் வேலைக்குச் சேர்ந்த நாட்களில் வலி என்றால் ஒரே ஒரு ஊசிதான். கத்தினால் போடுவோம், அடங்கினால் விட்டுவிடுவோம். இப்போது அப்படியில்லை. நரம்புக்குப் பக்கத்தில் மெல்லிய குழாய் வைத்து மரத்துப்போகச் செய்கிறோம். பாரசிட்டமாலை வேளை தவறாமல் ஏற்றுகிறோம். தேவைப்பட்டால் மட்டும் போதை கலந்த வலி ஊசியைக் கொஞ்சமாகப் போடுகிறோம். ஐஸ் வைக்கிறோம், காலைத் தலையணையில் தூக்கி வைக்கிறோம். நாலு பக்கமிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்தால் எந்த மருந்தும் அளவுக்கு மேல் போகாது, நோயாளியும் எழுந்து நடப்பார். இதை வழக்கமாக்கியதில் எனக்குப் பெருமை உண்டு.

ஆனால் இந்தக் கூட்டு வைத்தியம் நடக்க வேண்டுமானால், நோயாளியின் உடம்புக்குள் என்னென்ன போகிறது என்பது ஒரு ஆளுக்காவது முழுசாகத் தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியும் என்றுதான் கனகத்தின் விஷயத்திலும் நினைத்திருந்தேன்.

கனகம் திற்பரப்புக்காரி. அருவிக்குப் போகிற வழியில் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்று ஏத்தன் என்கிற நேந்திரம்பழத்தில் பஜ்ஜி போட்டு விற்றவள். குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டு வருகிறவர்களுக்குச் சூடாக ஏதாவது வேண்டும், அதனால் வியாபாரம் நன்றாக நடந்தது. நின்று நின்று வலது கால் முட்டு தேய்ந்துபோனது. கணவர் இல்லை. மகள் ஜெயா கருங்கலில் கட்டிக்கொடுத்த இடத்தில் இருக்கிறாள். மகன் மஸ்கட்டில். மகனுடைய மனைவி சுஜா மாமியாரோடு இருந்து பார்த்துக்கொள்கிறாள். ஆளைப் பார்த்தால் காற்றடித்தால் பறந்துவிடுவாள் போலிருப்பாள் கனகம். அவ்வளவு சன்னம். பல வருடமாகச் சர்க்கரை வேறு, சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்திருந்தது.

மூட்டு மாற்று அறுவைக்கு முந்தின பரிசோதனையில் நான் கேட்க வேண்டியதெல்லாம் கேட்டேன். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றதற்குச் சர்க்கரை மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் எடுத்துக் காட்டினாள்.

"வேற ஒண்ணும் இல்லியா?"

"வேற என்னதுக்கு டாக்டரம்மா? இதத் தின்னவே வயிறு நெறஞ்சு போவுது."

அவள் பொய் சொல்லவில்லை. மாத்திரை என்று அவள் நினைத்ததை எல்லாம் சொல்லிவிட்டாள்.

அவளுடைய சிறுநீரகத்தை மனதில் வைத்து, வீக்கம் குறைக்கிற வலி மாத்திரை வகையே வேண்டாம் என்று விட்டேன். உடம்பின் எடைக்குத் தகுந்தபடி பாரசிட்டமாலையும் குறைத்தேன். தொடையில் குழாய் வைத்தேன். அறுவை நன்றாக நடந்தது. மறுநாள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஜன்னல்வரை நடந்தாள். வார்டில் எல்லோருக்கும் அவளைப் பிடித்துப்போனது. பஜ்ஜி மாவில் என்ன சேர்க்க வேண்டும் என்று நர்ஸ்களுக்கு வகுப்பெடுத்தாள்.

தினமும் நர்ஸ் வந்து வலியை எண்ணில் சொல்லச் சொல்வாள், வலியே இல்லை என்றால் பூஜ்யம், தாங்கவே முடியாவிட்டால் பத்து: "பத்துக்கு எத்தன வேதன பாட்டி?"

"ரெண்டு."

குழாய் இருந்தபோது ரெண்டு என்றாள், நம்பினேன். மூன்றாம் நாள் குழாயை எடுத்தோம், முன்னெச்சரிக்கையாகப் போதை கலந்த ஊசியையும் கொஞ்சம் போட்டோம். தொடை விழித்துக்கொள்ளும் நாள் அது. அன்று எல்லோருக்கும் வலி கூடும். பெரிய மீசை வைத்த ஆட்களெல்லாம் அன்றைக்குத்தான் அம்மாவைக் கூப்பிடுவார்கள். கனகம் அன்றும் ரெண்டு என்றாள். பிசியோ பெண் காலை மடக்கச் சொன்னாள், மடக்கினாள். மேல் உதட்டில் வியர்வை முத்து முத்தாக நின்றது, முகத்தில் சிரிப்பும் இருந்தது. பிசியோ பெண் என்னிடம் வந்து, இப்படி ஒரு நோயாளியைப் பார்த்ததே இல்லை மேடம் என்று சந்தோஷப்பட்டாள். நானும்தான் பார்த்ததில்லை, எனக்குச் சந்தோஷமாக இல்லை.

அடுத்த நாள் ஓக்காளம் தொடங்கியது. கஞ்சி இறங்கவில்லை. டூட்டி டாக்டர் கெட்டிக்காரப் பையன். போதை கலந்த ஊசியால் வாந்தி வரும் என்று சரியாகவே நினைத்து, அதை நிறுத்தி, வாந்திக்கு மருந்து போட்டான். பத்தில் ஒன்பது பேருக்கு அத்தோடு சரியாகிவிடும். கனகத்துக்கு ஆகவில்லை. நிறுத்தி ஒரு நாள் கழிந்தும் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வலி எவ்வளவு என்றால் ரெண்டு.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். வாந்தியைப் பார்க்கிறவர் வாந்தியைப் பார்க்கிறார், வலியைக் கேட்கிறவர் வலியைக் கேட்கிறார், இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கத்தான் நாம் இருக்கிறோம். நான் மருந்தைக் குறைத்திருக்கிறேன். குழாயை எடுத்தாயிற்று, ஊசியையும் நிறுத்தியாயிற்று. வலி கூடியிருக்க வேண்டும், கூடவில்லை. வாந்தி நின்றிருக்க வேண்டும், நிற்கவில்லை. நான் கொடுக்காத எதுவோ அவளுக்குள் வேலை செய்துகொண்டிருந்தது. வயிற்றின் வலப்பக்கம், விலாவுக்குக் கீழே மெதுவாக அழுத்தினேன். கனகத்தின் முகம் சுருங்கியது. இரத்தம் எடுத்து அனுப்பச் சொன்னேன்.

ரிப்போர்ட் வந்தது. ஈரல் நன்றாகவே அடிபட்டிருந்தது. சிறுநீரகமும் முன்பிருந்ததைவிட இறங்கியிருந்தது. இப்படியே இரண்டு நாள் விட்டால் புது முட்டோடு ஆளைப் பெட்டியில் வைத்து அனுப்ப வேண்டியதுதான்.

அறுவை செய்த டாக்டர் நல்ல மனிதர், கை சுத்தம். ஆனால் ஏதாவது தவறினால் முதலில் மயக்க மருந்துக்காரரைத் திரும்பிப் பார்க்கிற பழக்கம் அவருக்கும் உண்டு.

"உங்க பாரசிட்டமால்தான் டாக்டர். நான் அப்பவே நெனச்சேன். வலி மருந்து எல்லாத்தையும் நிறுத்திருங்க."

"நான் குடுத்த அளவு ஒரு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தாங்கும்."

"அப்போ வேற எதுல வரும்?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. சார்ட்டை எடுத்து வரிவரியாகக் காட்டி என் பக்கம் தப்பில்லை என்று வாதாடியிருக்கலாம். வாதாடத்தான் வாய் துடித்தது. ஆனால் யார் சொன்னது சரி என்று நாங்கள் பேசி முடிக்கும்வரை ஈரல் காத்திருக்காது. இப்படி ஈரலை அடிக்கிற மருந்துகளில் நம் வார்டில் முதலில் நிற்பது பாரசிட்டமால். அதற்கு எதிர் மருந்து இருக்கிறது. சீக்கிரம் கொடுத்தால் கேட்கும், தாமதித்தால் கேட்காது. அளவுக்கு மீறிய மருந்து எங்கிருந்து வந்தது என்று தெரியாமலேயே எதிர் மருந்தை ஏற்றத் தொடங்கினேன். "நீங்க சொல்றது சரின்னே வச்சுக்கிடுவோம்" என்று அவரிடம் சொன்னேன். அது எனக்குக் கசப்பாகத்தான் இருந்தது.

வலி மருந்து எல்லாவற்றையும் நிறுத்து என்று அவர் சொன்னதை மட்டும் நான் கேட்கவில்லை. வலியைத் தாங்க முடியாமல் அவள் காலை மடக்காமல் கிடந்தால் முட்டு மரக்கட்டையாக இறுகிவிடும். பிறகு இந்த அறுவையே வீண். தொடையில் மறுபடி குழாய் வைத்தேன். ஐஸையும் தலையணையையும் கூட்டச் சொன்னேன். ஈரலையும் சிறுநீரகத்தையும் அதிகம் தொந்தரவு செய்யாத ஒன்றைத் துளித்துளியாகக் கொடுத்தேன். ஒரு வழி அடைபட்டால் மற்ற வழிகளைக் கொஞ்சம் அகலமாக்கலாம். கூட்டு வைத்தியத்தில் இருக்கிற வசதியே அதுதான்.

இதற்குள் வராந்தாவில் சண்டை தொடங்கிவிட்டது. ஈரல் கெட்டுவிட்டது என்ற செய்தி எப்படியோ வெளியே போய்விட்டது. நம் ஆஸ்பத்திரிகளில் செய்திக்கு மட்டும் லிஃப்ட் தேவையில்லை. ஜெயா சுவரில் சாய்ந்து நின்று எல்லோரும் கேட்கத்தான் பேசினாள்.

"இவதான் கூட இருக்கிய பைஸ்டாண்டர். அம்மைக்கு என்னத்தக் குடுத்தாளோ ஆருக்குத் தெரியும்? இவளுக்கு மஸ்கட்டுக்குப் போவ விசா வந்திருக்கு டாக்டரம்மா. போற அவசரம்."

சுஜா ஃப்ளாஸ்க்கைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தாள். அவளுடைய கண்கள் என்னிடம் எதையோ சொல்ல வந்து, ஜெயாவைப் பார்த்ததும் திரும்பிப்போயின. அந்த வராந்தாவில் வைத்து அவளை நான் ஒரு கேள்வி கேட்டிருந்தால் அவள் ஆயுசுக்கும் மாமியாரைக் கொல்லப் பார்த்தவள் ஆகியிருப்பாள். உண்மையும் வெளியே வந்திருக்காது. எனக்கு ஜெயா மேல் எரிச்சலாக வந்தது. அதை அடக்கிக்கொண்டு, "ரெண்டு பேரும் போயி ஒரு சாயா குடிச்சிட்டு வாங்க" என்று அனுப்பினேன். இரண்டு பேரும் இரண்டு வழியாகப் போனார்கள்.

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கனகத்தின் பக்கத்தில் உட்கார்ந்தேன். மாத்திரை தின்றீர்களா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வாள். யார் கொடுத்தது என்று கேட்டால் வாயையே திறக்கமாட்டாள். அப்போதுதான் எங்கள் வீட்டு அலமாரி நினைவுக்கு வந்தது.

வெளியூரிலிருந்து வந்து வேலை பார்க்கும் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். இந்த மாவட்டத்தில் வளைகுடாவில் ஆள் இருக்கிற வீட்டில் ஸ்டீல் அலமாரிக்குள் ஒரு டப்பா இருக்கும். பிஸ்கட் வந்த டப்பா, அல்லது பால்பொடி வந்த டப்பா. கோடாலித் தைலம், பாம், பிரிக்காத சோப்பு, அதோடு அட்டை அட்டையாக வெள்ளை மாத்திரை. லீவுக்கு வருகிறவர்கள் கொண்டு வருவது. வர முடியாதவர்கள் வருகிறவரிடம் கொடுத்துவிடுவது. அக்கம்பக்கத்தில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அந்தக் கதவைத்தான் தட்டுவார்கள். வீட்டுக்காரி அலமாரியைத் திறந்து ஒன்றோ இரண்டோ எண்ணிக் கொடுப்பாள். கொடுக்கும்போது அவளுக்கு ஒரு கம்பீரம் வரும். அதே மருந்து தெருமுனை மெடிக்கலில் கிடைக்கும், ஆனால் அது இங்கே உள்ளது. என் தம்பி குவைத்தில் இருந்தான். டாக்டர் மகள் பக்கத்தில் இருக்க, என் அம்மா தலைவலிக்குத் தம்பி அனுப்பிய மாத்திரையைத்தான் போடுவாள். என் படிப்புக்கு அந்த வீட்டில் அவ்வளவுதான் மரியாதை.

"கனகம்மா, எங்க வீட்டுல ஒரு மஞ்ச டப்பா உண்டு. தம்பி குவைத்துலேர்ந்து குடுத்து விட்டது. உங்க வீட்டு டப்பா என்ன நெறம்?"

வாந்தி எடுத்துச் சோர்ந்திருந்த முகத்தில் சட்டென்று ஒரு வெளிச்சம். "நீலம். அவன் மொத லீவுக்கு வந்தப்ப கொண்டு வந்தது. மூடி இன்னும் லூஸாவல்ல."

"அதுல எது நல்லா கேக்கும்?"

"வெள்ள நீட்டு மாத்திரதான். அஞ்ச, மஸ்கட்டுல உள்ளதுக்க பவரே வேற டாக்டரம்மா. எங்க தெருவுல எனக்க கையால அது வேண்டித் தின்னாத்த ஆளு கெடையாது."

"இங்க கொண்டு வந்திருக்கியளா?"

அவள் கையை நீட்டி, மாற்றுத்துணிப் பையைக் காட்டினாள். துண்டுக்கு அடியில் நீல டப்பா இருந்தது. திறந்தேன். வெள்ளை மாத்திரை அட்டைகள் பாதிக்கு மேல் காலி. அதற்குப் பக்கத்தில் இங்கத்திய அட்டை ஒன்றும் இருந்தது. அது மஸ்கட் சரக்கில்லை.

"இது?"

"அது ஜெயா மெடிக்கல்லேர்ந்து வேண்டித் தந்தது. மேலு வேதனக்கி."

"நீட்டு மாத்திர?"

"சுஜா எடுத்துத் தருவா. நான்தான் கேட்டேன். இவளுக்குத் தெரியாம அவகிட்ட, அவளுக்குத் தெரியாம இவகிட்ட." சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "பக்கத்துக் கட்டில்காரிக்கும் ஒண்ணு குடுத்தேன். பாவம், ராத்திரி மொனகிட்டே கெடந்தா."

பக்கத்துக் கட்டிலில் பித்தப்பை எடுத்த பெண் எங்கள் பேச்சைக் கேட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அவளையும் பார்த்தேன், இரத்தமும் எடுத்தேன். அவளுக்கு ஒன்றுமில்லை. அன்று எனக்குச் சிரிப்பு வந்த ஒரே இடம் அதுதான்.

"வேதன அவ்வளவு இருந்தா எங்ககிட்டச் சொல்லலாமே கனகம்மா. ரெண்டு ரெண்டுன்னு எதுக்குச் சொன்னிய?"

அவள் ஜன்னலைப் பார்த்தபடி பேசினாள். "அவனுக்குக் கல்யாணம் முடிஞ்சு ஏழெட்டு வருசமாச்சு. லீவுக்கு வந்தா ஒரு மாசம், பெறவு அவ இஞ்ச, அவன் அஞ்ச. எனக்க முட்டு வேதனைய வச்சுத்தான அவ போவாம கெடக்கா? இப்பம் விசா வந்திருக்கு. முட்டு செரியாவட்டும், அவளப் போவச் சொல்லலாமுன்னுதான் ஆப்பரேசனுக்கே சம்மதிச்சேன். வேதன உண்டுன்னு சொன்னா அவ டிக்கெட்ட வேண்டாமுன்னு வைப்பா. ஜெயாவும் விடமாட்டா. அதான் ரெண்டு."

எனக்குக் கோபம் வர வேண்டும், வரவில்லை. வலியை மறைக்க அவள் செய்ததும் கூட்டு வைத்தியம்தான். எங்கள் கூட்டுக்கு ஒரு கணக்கு இருந்தது, அவள் கூட்டுக்கு இல்லை.

மருமகளும் மகளும் சாயா குடித்துவிட்டு வந்ததும் இருவரையும் நர்ஸ் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன். மேஜையில் மூன்று பொருட்களை வரிசையாக வைத்தேன். நாங்கள் ஏற்றிய காலி பாட்டில், சுஜா எடுத்துக்கொடுத்த மஸ்கட் அட்டை, ஜெயா வாங்கிவந்த மெடிக்கல் அட்டை.

"மூணுலயும் சின்ன எழுத்துல என்ன எழுதியிருக்குன்னு படிங்க."

சுஜா முதலில் படித்தாள். படித்ததும் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஜெயா கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிப் படித்தாள். மூன்றிலும் பாரசிட்டமால் இருந்தது. ஜெயாவின் அட்டையில் கூட இன்னொன்றும் இருந்தது. சிறுநீரகத்துக்கு ஆகாது என்று நான் ஒதுக்கி வைத்த அதே வகை.

"நாம மூணு பேரும் ஒரே மருந்தக் குடுத்திருக்கோம். ஒருத்தருக்கொருத்தர் தெரியாம. நாங்க குடுத்தது வைத்தியம், நீங்க குடுத்தது விஷம்னு நான் சொல்லமாட்டேன். மூணையும் கூட்டினதுதான் அம்மைக்க ஈரல அடிச்சது."

ஜெயா நாற்காலியில் உட்கார்ந்தாள். வராந்தாவில் கேட்ட குரல் எங்கே போனதென்று தெரியவில்லை.

"நான் ராத்திரி போகும்போ குடுத்தேன். அம்மா காலப் பிடிச்சிட்டு அழுதா" என்றாள்.

"எனக்கு முன்னாலயும் அழுதா மைனி" என்றாள் சுஜா. "ஆருட்டயும் சொல்லாதண்ணு சத்தியம் வேண்டினா."

அவ்வளவுதான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை, ஆனால் ஒரே மேஜையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். குற்றவாளியைத் தேடிப் போயிருந்தால் நான் ஒருத்தியைத்தான் பிடித்திருப்பேன். எவ்வளவு மருந்து உள்ளே போயிருக்கிறது என்பது பாதிதான் தெரிந்திருக்கும். அந்தப் பாதிக் கணக்கை வைத்து எதிர் மருந்தைச் சீக்கிரமே நிறுத்தியும் இருப்பேன். விசாரணை போலீஸ்காரருக்கு. நமக்கு வேண்டியது கணக்கு மட்டும்தான்.

அறுவை டாக்டரிடம் மூன்றையும் கொண்டுபோய்க் காட்டினேன். அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உங்க பாரசிட்டமால் மட்டும் இல்ல போல" என்றார். அவரிடமிருந்து அதுவே பெரிய மன்னிப்பு.

ஈரல் உடனே திரும்பவில்லை. ஒரு நாள் இன்னும் மோசமானது. அன்று மஸ்கட்டிலிருந்து மகன் அழைத்து, "டாக்டரம்மா, நான் கெளம்பி வரணுமா?" என்று கேட்டான். "இன்னிக்குச் சொல்ல முடியாது தம்பி, நாளைக்குக் கேளுங்க" என்றேன். பொய்யான தைரியத்தைக் கொடுத்திருந்தால் போனை வைத்ததும் அவனுக்குத் தூக்கம் வந்திருக்கும், எனக்கு வந்திருக்காது. மறுநாள் வாந்தி நின்றது. அதற்கடுத்த நாள் கஞ்சி இறங்கியது. பிறகு கனகம் மீன்குழம்பு கேட்டாள். இரத்தப் பரிசோதனைக்கு முன்னாலேயே எனக்கு நம்பிக்கை தந்தது அந்த மீன்குழம்புதான்.

தேறிய பிறகு ஒரு காலையில் வார்டுக்குப் போனேன். கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஜெயா, இந்தப் பக்கம் சுஜா. ஜெயா என்னைப் பார்த்ததும், "இனி இவ எப்பிடிப் போவா? நீங்களே சொல்லுங்க டாக்டரம்மா" என்றாள். இம்முறை கோபமாக இல்லை, பயமாகக் கேட்டாள். சுஜா, "நான் போகல்ல மைனி. வேண்டாமுன்னு சொல்லிட்டேன்" என்றாள்.

குடும்ப விஷயத்தில் தீர்ப்புச் சொல்ல எனக்கு யாரும் சம்பளம் தரவில்லை. எனக்குக் கேட்கத் தெரிந்த ஒரே கேள்வியைக் கேட்டேன்.

"கனகம்மா, பத்துக்கு எத்தன?"

கனகம் மருமகளைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். அந்த வாய் ரெண்டு என்று சொல்லத்தான் பழகியிருந்தது.

"ஆறு" என்றாள்.

சுஜாவின் கண் நிறைந்துவிட்டது. "பாத்தியளா? ஆறு இருக்கும்போ நான் எப்பிடி மாமி போவ?"

"ஆறுன்னு சொன்னா இவிய மருந்து தருவினும். ரெண்டுன்னு சொன்னதுனாலதான இவ்வளவும் வந்தது? நீ இருந்தா ஆறு அஞ்சாவுமா பிள்ளே?"

ஜெயா தலையைக் குனிந்துகொண்டு தாயின் போர்வையை இழுத்துச் சரி செய்தாள். பிறகு, "கொஞ்ச நாளைக்கு எனக்க வீட்டுல இருக்கட்டு" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. நான் ஆறுக்கு வேண்டிய மருந்தைச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன்.

அதற்குப் பிறகு அறுவைக்கு முந்தின பரிசோதனையில், என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று மட்டும் கேட்டு நான் விட்டதில்லை. வீட்டு டப்பாவைக் கொண்டு வாருங்கள் என்றேன். நீலம், மஞ்சள், சிவப்பு என்று என் மேஜைக்கு எல்லா நிறத்திலும் வந்தன. ஒவ்வொன்றையும் அந்த வீட்டுக்காரியோடு உட்கார்ந்து பிரித்தேன். இது ஆகும், இது இப்போதைக்கு வேண்டாம் என்று. டப்பாவைக் கேலி செய்ததில்லை. அதில் இருப்பது மாத்திரை மட்டுமில்லை, ஊரில் இல்லாத பிள்ளையின் கையும்தான். அதைத் தூக்கி எறி என்றால் உங்களிடம் தலையாட்டிவிட்டு துண்டுக்கு அடியில் வைத்துக்கொள்வார்கள். நீங்களும் கொண்டு வரச் சொல்லுங்கள். கொஞ்சம் நேரம் ஆகும், ஆகட்டும்.

கால் முட்டைப் பரிசோதனைக்குக் காட்ட வந்த அன்று கனகம் தானே நடந்து வந்தாள். கையில் ஒற்றைக் கம்பு, பின்னால் ஜெயா. சுஜா மஸ்கட் போய்ச் சேர்ந்திருந்தாள். நான் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஜெயாவின் செல்போன் ஒலித்தது. வீடியோவில் சுஜா. பின்னால் சின்னதாக ஒரு சமையலறை தெரிந்தது. நலம் விசாரிக்கவில்லை, சாப்பிட்டீர்களா என்றும் கேட்கவில்லை.

"மாமி, இன்னிக்கு எத்தன?"

கனகம் என்னை ஓரக்கண்ணால் பார்த்தாள். நான் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நாலு" என்றாள்.

டிக்கெட் எடுக்கிறேன், வந்துவிடுகிறேன் என்று சுஜா சொல்லப்போகிறாள் என்றுதான் எனக்குப் பட்டது.

"நேத்து அஞ்சுல்லா?" என்றாள் சுஜா. "கொறஞ்சிருக்கு. கொள்ளாம், நல்லது."